நாற்காலிக்குப் பின்னால் மாட்டிய கடிகாரம்

எங்கள் தொழிலில் கடிகாரம் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. வருகிறவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், அவர் தலைக்குக் கொஞ்சம் மேலே, சுவரில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஐம்பது நிமிடம் ஆகிவிட்டதா என்று மணிக்கட்டைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ள முடியும். அவர் முகத்தைப் பார்ப்பது போலவே இருக்கும், கண் மட்டும் ஒரு சாண் மேலே போய்வரும். பேசுகிறவர் மனம் புண்படாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். பேகம்பேட்டில் இரண்டாவது மாடியில் இந்த இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தபோது, ஜன்னலுக்குத் திரை வாங்குவதற்கு முன்னாலேயே ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டிவிட்டேன்.

நான் மனநல ஆலோசகர். ஊர் மதுரை. கணவருக்கு இங்கே ஐ.டி. வேலை என்பதால் ஹைதராபாத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கீழே எவனாவது விடாமல் ஹாரன் அடித்தால் ஜன்னலைத் திறந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்டவள்தான் மற்றவர்களைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறேன். "ஊருக்கெல்லாம் சொல்றியே, கொஞ்சம் வீட்டுக்கும் வாங்கிட்டு வாயேன்" என்பார் கணவர். சிரித்துக்கொள்வோம். ஆனால் அறைக்குள் நான் வேறு ஆள் என்று உண்மையாகவே நினைத்திருந்தேன். ஒவ்வொருவரும் வருவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்காருவேன். வீடு, மளிகை, பையனின் மதிப்பெண் எல்லாவற்றையும் வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுத்தான் கேட்க உட்கார வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

அவர் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். பட்டான்செரு பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர், நாற்பத்து நான்கு வயது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் ரயில்வே காலனியில். வீட்டில் வேலூர்ப் பக்கத்துத் தமிழ், வெளியே தெலுங்கு, 'ஆமாம்' என்பதற்கு மட்டும் யாரிடம் பேசினாலும் ஹவ். ஷேர் ஆட்டோவில் மியாப்பூர் வந்து, மெட்ரோ பிடித்து, அமீர்பேட்டில் மாறி வந்திருந்தார். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைப் பற்றி நான் பத்து நிமிடம் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூச்சு வுடக் கத்துக்கவா மேடம் இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய கஷ்டம் ஒரு வாசனை. அழுகிய முட்டை வாசனை. ஒரு வருடத்துக்கு முன் அவர் ஷிஃப்டில், சுத்தம் செய்யத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் வாயு தாக்கி விழுந்துவிட்டார். இவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வாசனை இவரை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் வரும், பஸ்ஸில் வரும், மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வரும். வீட்டுச் சாக்கடையை மனைவியைத் தினமும் கழுவவைத்தார். முட்டை வாங்குவதே நின்றுபோயிற்று. ஐந்து மாதமாக வேலைக்குப் போகவில்லை. கம்பெனி டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூக்கில் ஒன்றுமில்லை, மனசுதான் என்று அனுப்பியிருந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் அவர் மூக்குக்கு ஒரு பேர் இருந்தது. எங்கே எது கசிந்தாலும் முதலில் இவருக்குத்தான் தெரியும். வாயு வந்தால் கத்துகிற பெட்டி சுவரில் இருந்தது. அது சும்மாவே கத்துகிறது என்று யாராவது அணைத்துவைத்துவிடுவார்களாம். "மிசின வுட என்னத்தான் நம்புவானுங்க மேடம். எறங்கறதுக்கு முன்ன என்னக் கேட்டுட்டுத்தான் எறங்குவானுங்க. இப்ப எனக்கே எது நெசம், எது பொய்ன்னு தெரியல. இந்த மூக்க வச்சிகினு நான் எப்டி வேலைக்குப் போவேன்?" அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அந்த மூக்கைத் திரும்ப நம்ப முடிய வேண்டும்.

அதே நாளில் இன்னொன்றும் சொன்னார். "அந்த கேஸுக்கு ஒரு கெட்ட புத்தி மேடம். மொதல்ல நல்லா நாறும். அப்பறம் வாசன போயிடும். போயிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்பத்தான் ஓடணும்."

நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'வாசனை போன பிறகும் பயம் தீரவில்லை.' என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். பதினெட்டு வருடம் ரசாயனத்தோடு மாரடித்த மனிதர் தன் தொழிலின் முதல் பாடத்தைச் சொல்லியிருக்கிறார். நான் அதையும் அவர் வியாதிக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

வாரம் ஒருமுறை வந்தார். வாசனை வந்தால் அதோடு சண்டை போடக் கூடாது, எழுந்து ஓடக் கூடாது, தேடிப் போகவும் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். 'வந்திருக்கு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நிதானமாக மூன்று மூச்சு. அதுவாகவே போய்விடும். முதல் வாரங்களில் இந்த அறையிலேயே அவருக்கு வாசனை வரும். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்வார், நெற்றி வியர்த்துவிடும். "நான் இருக்கேன். ஒண்ணு... ரெண்டு..." என்று நான் எண்ணுவேன். மூன்றாவது மூச்சு முடிந்து கண்ணைத் திறந்து, "போச்சு மேடம்" என்பார். மந்திரம் பலித்த மாதிரி இருவருமே சிரிப்போம்.

அவரைப் போல வீட்டுப்பாடம் செய்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் 'டைம் இல்ல மேம்' என்று கையை விரிப்பார்கள். இவர் எத்தனை முறை வாசனை வந்தது, எத்தனை மூச்சில் போனது என்று மொபைலில் குறித்துக்கொண்டு வருவார். "நீங்க சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும்" என்பார். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. எனக்கு அது இனித்தது, மறைப்பானேன். அவர் என்னை நம்ப நம்ப நான் கெட்டிக்காரி ஆகிக்கொண்டே போனேன்.

ஒன்பதாவது வாரம் உள்ளே வந்ததும் உட்காராமலே, "முட்டக் கொழம்பு சாப்ட்டேன் மேடம்! ரெண்டு முட்ட!" என்றார். நான் கைதட்டிவிட்டேன். அதற்கடுத்த வாரம், அவர் வேலைக்குத் திரும்பலாம் என்று கம்பெனிக்கு என் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தேன். எங்கள் தொழில்காரர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். அந்த மாதக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், இவர் கதையைத்தான் சொன்னேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது எந்த ஹாரனும் எனக்கு உறுத்தவில்லை.

வேலைக்குப் போன பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஒன்பது வருடமாக ஒரே ஷிஃப்டில் இருக்கும் தெலுங்குக்கார நண்பரைப் பற்றி நிறையச் சொல்வார். அந்த நண்பர் டிபன் பாக்ஸில் எப்போதும் கோங்குரா, நம் புளிச்சக்கீரைத் துவையல், இருக்கும், பாதி இவருக்கு. இவருடைய மூச்சுப் பயிற்சியைப் பார்த்து நண்பரும் கண்ணை மூடி உட்கார்ந்து குறட்டை விட்டாராம். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்படி வந்தவற்றில் மூன்றாவது தடவை அது. மதியம் இரண்டரை மணி. அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் என் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பத்தாவது படிக்கிறவன், வகுப்பில் மொபைல் வைத்திருந்து மாட்டிக்கொண்டான். நான்கு மணிக்கு நேரில் வர வேண்டுமாம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அன்று இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்காரவில்லை. பையனுக்கு மெசேஜ் மேல் மெசேஜாகத் திட்டி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இவர் கதவைத் தட்டிவிட்டார். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு உட்கார்ந்தேன்.

என்ன பேசினோம் என்று இன்றைக்குக் கேட்டால் பாதிகூடத் தெரியாது. அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. உள்ளே, பிரின்சிபாலிடம் என்ன சொல்வது, பையனை எப்படி உரிப்பது என்று ஒரு தனி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பத்துக்கு அவர், "போன வாரம் பிளாண்ட்ல வாசன வந்துச்சு மேடம். நீங்க சொன்னாப்ல மூணு மூச்சு. போயிடுச்சு" என்றார். இது காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரியும். என் கண் அப்போது கடிகாரத்துக்குப் போயிருந்தது. மூன்று இருபதுக்குக் கிளம்பினால்தான் பள்ளிக்கூடத்துக்குச் சரியாக இருக்கும்.

"ரொம்ப நல்லது" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "சரி மேடம், வரேன்" என்று எழுந்துகொண்டார். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவராகவே சீக்கிரம் முடித்துக்கொண்டாரே, நல்லவேளை என்றுதான் நினைத்தேன். நோட்டில் 'வாசனை வந்தது. மூன்று மூச்சு. போயிற்று. நல்ல முன்னேற்றம்' என்று கிறுக்கிவிட்டு ஓடினேன்.

அடுத்த தடவை அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. குணமாகிவிட்டது, இனி எதற்கு வருவார் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி பேசினார். மிகவும் மரியாதையான குரல். தொழிற்சாலையில் ஒரு விபத்து. கழிவுக் குழிக்குள் இறங்கிய ஆள் இறந்துவிட்டார். இறங்கச் சொன்னது என் பேஷண்ட். அவரும் வாயு தாக்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "இல்லாத வாசனை வருதுன்னு சொல்ற மனநோய் அவருக்கு இருந்துச்சில்ல மேடம்? அதை மட்டும் ஒரு கடிதமா குடுத்தீங்கன்னா விசாரணைக்கு உதவியா இருக்கும்." அலாரத்தை யார் அணைத்தது என்று கேட்டேன். அது தனி விஷயம் என்றார். அவர் ரகசியத்தை உங்களுக்கு எழுதித்தர முடியாது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நான் ஏதோ பெரிய நியாயஸ்தி என்று நினைப்பு. நோட்டை எடுத்து, கடைசித் தடவை கிறுக்கிய அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் நான் கத்தியது கோபத்தால் இல்லை என்று புரிந்தது. பயம். எனக்கு என்ன ஆகும் என்ற பயம்தான் முதலில் வந்தது. செத்தவரைப் பற்றி நினைக்க எனக்கு அன்று சாயங்காலம் ஆயிற்று. அதை எழுதவே கூசுகிறது.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். எது கேட்டாலும் நினைவில்லை என்று சொல்லுங்கள், நோட்டில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்றார்.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். இரண்டு மாடி ஏறியதற்கு மூச்சு வாங்கிக்கொண்டு வெகுநேரம் கதவருகிலேயே நின்றார். பாதியாக இளைத்திருந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாக்கியத்தை இரண்டாக மூன்றாக உடைத்துத்தான் பேச முடிந்தது. அந்தக் குரலில்தான் அன்று நடந்தது முழுவதையும் கேட்டேன்.

மதிய ஷிஃப்ட். அந்தக் கோங்குரா நண்பர்தான் குழிக்குள் மோட்டாரைப் பார்க்க இறங்க வேண்டியவர். விளிம்பில் நின்றுகொண்டு, எப்போதும் போல இவரைக் கேட்டிருக்கிறார், வாசனை வருதா என்று. இவருக்கு வந்தது. முன்பென்றால், வருது, நக்கோ, இறங்காதே என்று சொல்லியிருப்பார். இவர் கண்ணை மூடினார். 'வந்திருக்கு.' ஒன்று, இரண்டு, மூன்று. வாசனை போய்விட்டது. "போயிந்தி" என்று தெலுங்கில் சொல்லியிருக்கிறார், போயிற்று என்று. நண்பர் இறங்கினார். ஏணியின் பாதியிலேயே கை விட்டுப்போயிற்று. பின்னாலேயே குதிக்கப் போன இவரை இரண்டு பேர் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த இழுபறியில் உள்ளே போன வாயுதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன் மேடம்" என்றார். "கடசியா இங்க வந்தேன்ல? அதுக்கு முந்தின வாரம் வாசன வந்துச்சே, அப்ப அவனுக்கும் வந்துச்சு. அவனே சொன்னான். அத நான் உங்ககிட்ட சொன்னேனா, இல்லியா? எல்லாரும் சொல்றானுங்க, இவனுக்குத் தெரியும், மறச்சிட்டான்னு. ஆஸ்பத்திரில படுத்துகினு தெனம் யோசிச்சேன். சொல்லணும்னு நெனச்சேன், அது ஞாபகம் இருக்குது. சொன்னேனா?"

அவனுக்கும் வந்தது. இரண்டு மூக்குக்கு வருகிற வாசனை மனசிலிருந்து வராது. இதற்கு என் படிப்பெல்லாம் வேண்டாம், என் பையனே சொல்லிவிடுவான். அந்த ஒரு வார்த்தை அன்று என் காதில் விழுந்திருந்தால், 'நிறுத்துங்க, இந்தப் பயிற்சி பிளாண்டுக்குள்ள வேண்டாம்' என்று சொல்லியிருப்பேன்.

நோட்டு என் மடியில்தான் இருந்தது. நினைவில்லை என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை.

"சொன்னீங்க" என்றேன். "உங்க வாய் அசைஞ்சதப் பாத்தேன். நான் கேக்கல. பையனோட ஸ்கூல்ல கூப்பிட்டிருந்தாங்க, அதையே நெனச்சிட்டிருந்தேன். கேக்காமலே 'ரொம்ப நல்லது'ன்னு சொன்னேன். தப்பு என்னோடது."

கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப என் மூக்கு சரியாத்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு முறையும் அதையே சொன்னார். பிறகு அழுதார். நானும் அழுதேன். பேஷண்ட் முன்னால் அழக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அழுதேன்.

அழுது முடித்ததும் காகிதம் எடுத்து எழுதினேன். இன்ன நாளில், தன்னோடு வேலை செய்பவருக்கும் வாசனை வந்தது என்று இவர் என்னிடம் சொன்னார், நான் கவனிக்கவில்லை, வாசனை வந்தால் விலகிப் போக வேண்டாம், மூன்று மூச்சில் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான், இவர் எதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுப் படித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்க நாற்காலிக் கையை ஊன்றியவர், மெல்லத் திரும்பிப் பின்சுவரில் இருந்த கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கடிகாரம் அங்க இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஹவ் மேடம். மொத நாள்லேந்தே தெரியும். பேசிகினு இருக்கச்சொல்ல உங்க கண்ணு மேல போவும். போச்சுன்னா நான் சுருக்கா முடிச்சுக்குவேன். வெளிய அடுத்த ஆளு காத்துகினு இருப்பாங்க, பாவம்னு." கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டார். "அன்னிக்கி இன்னொண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். நீங்க மேல பாத்தீங்க. சரி, அடுத்த வாட்டி கேட்டுக்கலாம்னு எந்திரிச்சிட்டேன்."

"என்ன கேக்கணும்னு இருந்தீங்க?"

"வாசன போயிடுச்சே, அது நம்ம மூச்சால போச்சா, இல்ல கேஸால மூக்கு செத்துப் போச்சா, எப்டி மேடம் கண்டுபுடிக்கறதுன்னு."

எனக்குத் தெரியாது, வாசனை வந்தால் ஓடிவிடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

அந்தக் காகிதத்தைக் கொடுங்கள் என்று திரும்ப வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய கேள்வியையும், அதை அவர் ஏன் கேட்காமல் போனார் என்பதையும் எழுதி, மறுபடி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.